அரை டம்ளர் டீ

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. நானும் கணவரும் குன்னூரில் வேலைக்குப் போகிறோம். காலை எட்டரைக்கு அவளை டே கேரில் விட்டால், மாலை நாலரைக்கு மாமியார் கூட்டி வருவார். டப்பாவில் வைக்கும் சாதம் பாதிக்கு மேல் திரும்பி வருகிறது. ராத்திரியும் தோசையில் இரண்டு வாய்தான். எடை கூடவில்லை, முகம் வெளிறி இருக்கிறது. டே கேரில் சரியாக ஊட்டுவதில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. குளிருக்கு எங்களோடு அரை டம்ளர் டீ குடிப்பாள், வர்க்கி என்றால் உயிர். டே கேரை மாற்றலாமா? எந்த ஹெல்த் டிரிங்க் பவுடர் நல்லது?

பதில்: பவுடர் எதுவும் வேண்டாம். டே கேர் ஆயா மேல் பழி போடுவதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருவோம். ‘எங்களோடு அரை டம்ளர் டீ.’ எங்களோடு என்றால் எத்தனை தடவை? நானும் மலையில் இருப்பவள்தான், நம் வீட்டு டீக் கணக்கு எனக்குத் தெரியும். எழுந்ததும் ஒன்று, கிளம்பும் முன் ஒன்று, பாட்டியோடு நாலரைக்கு, அப்பா வந்ததும் ஏழு மணிக்கு. அரை அரையாக இரண்டு டம்ளர் ஆயிற்றா? ஒவ்வொன்றிலும் ஒரு வர்க்கி நனைந்திருக்கும். மைதாவும் வனஸ்பதியும் சர்க்கரையும் போன வயிறு ராத்திரி தோசையை ஏன் கேட்கப்போகிறது?

பசி மட்டும் கெட்டால் பரவாயில்லை. டீயின் துவர்ப்பு, கீரையிலும் ராகியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம் என்று 2024-ல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி பெரியவர்களுக்கே சொல்கிறது. மூன்றரை வயதுக்கு டீயே கூடாது என்பேன் நான். முகம் வெளிறியிருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டுப் பவுடர் கேட்கிறீர்களே! முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மருந்தை டாக்டர் சொல்வார்.

அந்த ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஐதராபாத்தில் இருந்தாலும் பிறந்தது உங்கள் ஊரில்தான். 1918-ல் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் தொடங்கினார். பிற்பாடு அவர் அங்கே எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வளர்த்தார். ஒரு கூட்டத்துக்குச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பயறு, காய்கறி. இன்னொன்றுக்கு இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாடு: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், டப்பா இறைச்சி, சர்க்கரை போட்ட டீ. முதல் கூட்டம் கொழுகொழுவென்று வளர்ந்தது. இரண்டாவது கூட்டம் வளர்ச்சி குன்றிப்போனது, கடைசியில் அதில் பலவீனமான எலிகளை மற்றவை கடித்துத் தின்றன. பிள்ளையை எலியோடு ஒப்பிடுகிறாளே என்று கோபப்பட வேண்டாம். வர்க்கியும் டீயும் எந்தக் கூட்டத்துச் சாப்பாடு என்று பாருங்கள்.

டே கேர் டப்பாவுக்கு வருகிறேன். எட்டரைக்கு மூடிய சாதத்தைக் குன்னூர்க் குளிரில் பன்னிரண்டரைக்குத் திறந்து நீங்கள் ஒரு வாய் தின்று பாருங்கள். விறைத்துப் போயிருக்கும். பருப்பும் நெய்யும் கேரட்டும் சேர்த்துக் குழையப் பிசைந்து சூடு தாங்கும் டப்பாவில் வையுங்கள். நாலரை மணிதான் பிள்ளைக்கு உண்மையான பசி நேரம். அதை வர்க்கிக்குத் தாரை வார்க்காதீர்கள். அவித்த முட்டை, பட்டாணிச் சுண்டல், ராகிக் கூழ், ஒரு துண்டு கொய்யா என்று மாற்றி மாற்றி வரட்டும். பால் நல்லதுதான், ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் அதுவும் பசியைக் கெடுக்கும்.

மாமியாரிடம் இதை நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். காசு வாங்காமல் பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் மனுஷி, மருமகள் குறை சொல்கிறாள் என்றுதான் அவர் காதில் விழும். உங்கள் கடிதத்தில் வேலைக்குப் போவதோடு கணவர் காணாமல் போய்விடுகிறார். அவர் அம்மாவிடம் அவரே பேசட்டும். ஏழு மணி டீயையும் அவர்தான் முதலில் விட வேண்டும். பிள்ளை எதிரில் உறிஞ்சிக் குடித்துவிட்டு உனக்குக் கிடையாது என்பது என்ன நியாயம்? முதல் மூன்று நாள் அழுது ஊரைக் கூட்டுவாள். அந்த மூன்று நாளும் அவரை லீவு போடச் சொல்லுங்கள்.