பீரோவுக்குள்ள ஒரு லைக்கா

கேள்வி: சார், எங்க மாமனாரோட லைக்கா எம்3 ஃபிலிம் கேமரா இப்ப என்கிட்ட வந்திருக்கு. லெதர் கவரோட பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன். ஃபிலிம் போட்டு எடுக்கணும்னு ஆசை, ஆனா வீட்ல "கீறல் விழுந்தா வெல போயிடும், அப்படியே இருக்கட்டும்"ங்கறாங்க. என்ன செய்ய?
- கும்பகோணம் வாசகர்

பதில்: எடுங்க, தாராளமா எடுங்க. மொத வேலையா அந்த லெதர் கவர்லேர்ந்து வெளிய எடுங்க, நம்ம ஊரு புழுக்கத்துக்கு லெதர் ஈரத்த இழுத்து வெச்சுக்கும், லென்ஸ்ல பங்கஸ், அதாவது பூஞ்சை பிடிச்சு சிலந்தி வலை மாதிரி படர்ந்து கோட்டிங்கையே அரிச்சிடும், அப்புறம் தொடச்சாலும் தடம் போகாது. எங்க அப்பா கேமரா இப்படித்தான் போச்சு. பத்திரமா இருக்குன்னு நம்பி வருஷக்கணக்கா தொறக்கவே இல்ல, எனக்கு இன்னும் அது ஆறல.

எம்3 ஜெர்மனில 1954ல வந்தது, ரெண்டு லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. பேட்டரியே கெடையாது, ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு முன்னால தொறந்து மூடற திரை, ஒரு செகண்ட்லேர்ந்து 1/1000 செகண்ட் வரைக்கும் ஓடறது எல்லாமே ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். ஓடாம கெடந்தா உள்ள இருக்கற எண்ணெய் பிசினாட்டம் ஆகி, ஒரு செகண்ட் வெச்சா ரெண்டு செகண்ட் இழுக்கும், இல்ல பாதில நின்னுடும். அதனால ஒருதடவ நல்ல மெக்கானிக்கிட்ட குடுத்து சர்வீஸ் பண்ணிட்டு, ஃபிலிம் இல்லாட்டியும் மாசம் ஒருதடவ எல்லா ஸ்பீடுலயும் தட்டி விடுங்க. ஃபிலிம் போட்டதும் லிவர் தள்ளறப்ப ரீவைண்ட் குமிழ் சுத்துதான்னு பாருங்க, சுத்தலன்னா ஃபிலிம் பிடிக்கலன்னு அர்த்தம், 36 படமும் வெறும் கனவு. ஷட்டர் துணில செஞ்சது, லென்ஸ் மூடி இல்லாம வெயிலப் பாக்க வெச்சிடாதீங்க, ஓட்ட விழும்.

வெல போயிடும்ங்கறாங்களே, 2022 ஜூன்ல ஜெர்மனி வெட்ஸ்லர் ஊர்ல நடந்த ஏலத்துல ஒரு லைக்கா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு போச்சு. அது டப்பா பிரிக்காத பீஸ் இல்ல, லைக்காவ உருவாக்கின ஆஸ்கர் பர்னாக் தானே வெச்சு படம் எடுத்த கேமரா, மேல அவர் பேரே பொறிச்சிருக்கு. உங்க மாமனார் கை பட்டு பித்தள தெரியற எடம் இருந்தா அதத் தேச்சு பளபளன்னு ஆக்கிடாதீங்க, அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: வாத்தியத்துக்கும் இதேதானா? பாட்டியோட வீணை பரண்ல இருக்கு.
- தஞ்சாவூர் வாசகி

பதில்: இதேதாம்மா. இத்தாலில வயலின் செய்யறதுல பேர் போன ஸ்ட்ராடிவாரி 1716ல செஞ்ச ‘மெசையா’ வயலின் ஆக்ஸ்ஃபோர்ட் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள புதுசு மாதிரி இருக்கு, யாரும் வாசிக்கறதில்ல. இத்தாலிய வயலின் மேதை பகனினி வாசிச்ச, குவர்னேரிங்கறவர் 1743ல செஞ்ச வயலின அவர் ஜெனோவா ஊருக்கு எழுதி வெச்சார், அங்க நடக்கற போட்டில ஜெயிச்சவங்க இன்னிக்கும் அத எடுத்து வாசிக்கறாங்க, அவர் தாடை பட்டு வார்னிஷ் தேஞ்ச எடமும் அப்படியே தெரியுது. எனக்கு ரெண்டுல ஒண்ணு கேக்கக் கெடைச்சா பகனினியோடதுதான்.

உங்க வீணைக்கு தந்திக்கு அடில இருக்கற 24 மெட்டுக் கம்பியும் மெழுகுல நிக்கறது, பரண் சூட்டுல மெழுகு எளகி ஸ்வர ஸ்தானம் நகர்ந்திருக்கும். உங்க ஊர்லயே மேளம் கட்டறவங்க, அதாவது மெழுகு வெச்சு மெட்ட சரியான எடத்துல பதிக்கறவங்க இருக்காங்க, இந்த வாரமே கீழ எறக்கி, புதுசா மேளம் கட்டி தந்தி போட்டு, வீட்ல யாராவது ஒருத்தர் தெனம் பத்து நிமிஷமாவது சரளி வரிசை வாசிங்க.