ஒரு கடிதம் ‘விசாரணையில் உள்ளது’ என்கிறது, இன்னொன்று ‘முடிந்துவிட்டது’ என்கிறது

கேள்வி: சீட்டுப் பணம் கட்டி ஏமாந்ததைப் பற்றிப் புகார் கொடுக்கப் போன என்னை, இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து இரவு ஒன்பது மணிவரை ஸ்டேஷனில் உட்கார வைத்து, கெட்ட வார்த்தையில் திட்டி, கன்னத்தில் அறைந்து அனுப்பினார். எட்டு மாதம் ஆகிறது. எஸ்.பி.யிடம் மனு கொடுத்தேன், டி.எஸ்.பி. விசாரித்தார். அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, ‘விசாரணையில் உள்ளது, ரகசியம், 8(1)(எச்) பிரிவின்படி வழங்க இயலாது’ என்று ஒற்றை வரிப் பதில். அது வந்து இருபது நாள் ஆகிறது. ‘முதல்வரின் முகவரி’ குறைதீர் பிரிவில் போட்ட மனுவுக்கோ ‘விசாரணை முடிந்து மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று பதில். மேலதிகாரிகளே மறைத்தால் யாரை நம்புவது? எட்டாயிரம் கொடுத்தால் அறிக்கையை வாங்கித் தருவதாக ஆர்.டி.ஐ. ஆர்வலர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் காலண்டரைப் பாருங்கள். பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். உங்களிடம் இருப்பது பத்து நாள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று விசாரணை முடிந்தது என்கிறது. அதற்கு மூன்று வாரம் கழித்துத் தேதியிட்ட இன்னொன்று விசாரணை நடக்கிறது என்கிறது. இதைவிடப் பலமான ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது. 8(1)(எச்) சொல்வது, தகவல் கொடுத்தால் புலன்விசாரணைக்கோ, குற்றவாளியைப் பிடிப்பதற்கோ, வழக்கு நடத்துவதற்கோ இடையூறு வரும் என்றால் மறுக்கலாம் என்பது. விசாரணை நடக்கிறது என்பதே மறுக்கப் போதாது. எப்படி இடையூறு என்று அதிகாரி காட்ட வேண்டும் என்று 2007-ல் பகத் சிங் என்பவர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருக்குத்தான், உங்களுக்கில்லை. சட்டம் வந்தது 2005-ல். இத்தனை வருடம் கழித்தும் அதே ஒற்றை வரியைத் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். மேல்முறையீட்டு அலுவலரின் விவரத்தைக் கூடப் போடவில்லை. போட்டாக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 7(8) பிரிவு.

மேலே ‘ரகசியம்’ என்று குத்திய சிவப்பு முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முத்திரை சட்டம் ஆகாது. 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தோடு முரண்பட்டாலும் தகவல் உரிமைச் சட்டமே மேலோங்கும் என்று 22-வது பிரிவு சொல்கிறது.

மேல்முறையீட்டில் ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அது கருத்துக் கேட்பது, பதில் வராது. காகிதத்தைக் கேளுங்கள்: உங்கள் மனுவின் ந.க. எண் (கோப்பு எண்), கோப்புக் குறிப்புகளின் நகல், டி.எஸ்.பி. அறிக்கை, முக்கியமாக விசாரணையில் நீங்கள் கையெழுத்திட்ட வாக்குமூலம். இன்ஸ்பெக்டருக்கு மெமோ கொடுத்தார்களா, தண்டனை என்ன என்று கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று கதவை மூடுவார்கள். அதை இப்போதைக்கு விடுங்கள். வாக்குமூலத்தை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், ‘மனுதாரரே, மேல்நடவடிக்கை தேவையில்லை என எழுதிக் கொடுத்தார்’ என்று முடிக்கப்பட்ட கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினார்களா? நினைவுபடுத்திப் பாருங்கள்.

இப்போது அந்த ஆர்வலர். மனு அவர் பெயரில் போகும். மனுதாரர் அவர் என்பதால் மேல்முறையீட்டு உரிமையும் அவருக்கு. அதை வைத்து அந்த அதிகாரியிடமே பேரம் பேசி, வாபஸ் பெறுவதையும் விற்பார். இரண்டு பக்கமும் காசு. உள்ளிருந்து உருவிய ஜெராக்ஸைக் கொடுத்தாலும் அதில் சான்றொப்பம் இருக்காது. அதை எங்கே தாக்கல் செய்வீர்கள்? காரில் ‘மனித உரிமை’ என்று பலகை மாட்டித் திரிபவர்களும் இதே ரகம்தான். அடையாள அட்டை, முத்திரை, லெட்டர்பேட் எல்லாம் இருக்கும், அதிகாரம் இருக்காது. இவர்களிடம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒரு அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். தகவல் மனுவுக்குச் செலவு 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், அடுத்து அதைத்தான் காட்டுவார்கள். 24(4) பிரிவின் கீழ் உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம். உங்கள் மனுவை அப்படியொரு பிரிவுக்கு அனுப்பிவிட்டு, ‘எங்களுக்குச் சட்டமே பொருந்தாது’ என்பார்கள். பொருந்தும். ஊழல் குற்றச்சாட்டும் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டும் அந்த விலக்கில் அடங்காது என்று அதே பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் அறைந்தது மனித உரிமை மீறல். ஆனால் இப்படிப்பட்ட அமைப்பிடமிருந்து மனித உரிமை தொடர்பான தகவல் வர, தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கெடு 45 நாள். ஆகவே மனுவின் முதல் வரியிலேயே ‘மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவல்’ என்று எழுதுங்கள். பொதுவாக ‘அநீதி’, ‘அராஜகம்’ என்று எழுதினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. காவல்துறை மீதான புகாரை விசாரிக்கும் மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013-ம் ஆண்டுச் சட்டம் உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யையும் உறுப்பினராக்கியது. அந்தத் துறையே அந்தத் துறையை விசாரிப்பதை எத்தனை நாளைக்குச் சகித்துக்கொள்வது? முதல் மேல்முறையீடும் அதே அலுவலகத்துக்குத்தான் போகும். இருந்தாலும் போடுங்கள். அது இல்லாமல் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போட முடியாது.

அதே நேரம் மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு உங்கள் கைப்பட ஒரு புகார் எழுதுங்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. எட்டு மாதம் போய்விட்டது.

காவல் நிலையக் கேமரா பதிவுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அதனால் தேதி, நீங்கள் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்பதுவரை எழுதி, ‘இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்’ என்று எஸ்.பி.க்குத் தனிக்கடிதம் ஒன்றை ஒப்புகையோடு அனுப்புங்கள். அதன் நகலை மனித உரிமைகள் ஆணையப் புகாரோடு இணையுங்கள். மேல்முறையீட்டுக்குப் பத்து நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாளைக் காலையே அஞ்சலில் சேருங்கள்.