சூவல் எழுந்து நின்ற மதியம்

அன்புள்ள ஐயா,
நீதிபதி சாமுவேல் சூவலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சேலம் சூனிய வழக்குகளில் பத்தொன்பது பேரைத் தூக்குக்கு அனுப்பிய நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர், வருஷக்கணக்கில் கழித்து மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடுமா? செத்தவர்கள் திரும்பி வரப்போகிறார்களா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியாகாது. அதில் நமக்குள் சண்டையே இல்லை. நான் சொல்லும் சேலம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. அங்கே 1692இல் 'இவளுடைய உருவம் ராத்திரி வந்து என்னை வதைத்தது' என்று யாராவது சொன்னால் அதையும் சாட்சியமாக எடுத்துக்கொண்டு சூனிய வழக்குகளை விசாரித்தார்கள். ஒன்பது நீதிபதிகளில் சால்டன்ஸ்டால் என்பவர் மனம் ஒப்பாமல் விலகிக்கொண்டார். சூவல் விலகவில்லை. இதை நான் மறைக்கவில்லை.

அப்புறம் 1696 டிசம்பரில் அவருடைய இரண்டு வயது மகள் சாரா இறந்தாள். மறுநாள் மகன் சாம் பைபிளின் மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் சில வசனங்களை லத்தீனில் அப்பாவுக்குச் சொல்லிக் காட்டுகிறான். 'குற்றமில்லாதவர்களைக் குற்றப்படுத்தமாட்டீர்கள்' என்று முடிகிற 7ஆம் வசனம் வந்ததும் சேலம் நினைவுக்கு வந்து உலுக்கியது என்று சூவல் நாட்குறிப்பில் எழுதுகிறார். 1697 ஜனவரி 14, உபவாச நாள். பாஸ்டன் தெற்கு தேவாலயத்தில் பிற்பகல் ஆராதனையின்போது, தன்னைக் கடந்துபோன போதகர் வில்லார்டின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். அவர் அதைச் சபைக்கு முன்னால் படிக்கும்போது எழுந்து நின்றார், முடிந்ததும் தலை வணங்கினார். தனக்குத் தெரிந்த எவரையும்விட இந்தக் குற்றத்தில் தனக்கே அதிகப் பங்கு, பழியும் வெட்கமும் தன்னுடையவை என்பதுதான் சீட்டில் இருந்த விஷயம்.

பயத்தில் கேட்டார் என்று நீங்கள் சொல்லலாம். தன் மீதும் குடும்பத்தின் மீதும் கடவுளின் அடி மேல் அடி விழுகிறது என்று அந்தச் சீட்டிலேயே இருக்கிறது, மறுக்க வழியில்லை. ஆனாலும் தலைமை நீதிபதி ஸ்டோட்டன் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவே இல்லை. பகிரங்கமாக எழுந்து நின்ற நீதிபதி சூவல் ஒருவர்தான். மூன்று வருஷம் கழித்து, 1700இல், அடிமை வியாபாரத்தைக் கண்டித்து பைபிளில் சகோதரர்கள் யோசேப்பை விற்ற கதையை முன்வைத்து ஒரு சிறு பிரசுரம் எழுதினார். கறுப்பின மக்கள் வெள்ளையரோடு ஒன்றுசேர முடியாது என்று அதிலேயே எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கும் வலிக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்கிறேன்.

நான் திரும்பத் திரும்பப் போவது அவருடைய நாட்குறிப்பின் வேறொரு பக்கத்துக்கு. 1692 ஏப்ரல் 11, சேலம் விசாரணையை நேரில் பார்த்த நாளின் குறிப்பு. அதன் ஓரத்தில் லத்தீனில் மூன்று முறை எழுதியிருக்கிறார்: ஐயோ, ஐயோ, ஐயோ. அந்த நாட்குறிப்பு அச்சேறத் தொடங்கியது 1878இல். அவர் இறந்தது 1730இல்.