இம்பெல்லர் திருத்தத்தில் வினைத்திறன் குறைவது ஏன்?

தம்பி, கோண்டாவில் தோட்டக் கிணற்று நீர்ப்பம்பியின் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் சுழல்தகட்டுச் சக்கரத்தை) அட்ஜொயின்ட் முறையில், அதாவது வடிவத்தின் ஒவ்வொரு மாற்றமும் வினைத்திறனை எப்படி மாற்றும் என்று கணினியில் கணிக்கும் முறையில், திருத்தத் திருத்த வினைத்திறன் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். கணிப்புக்காக ஓட்டவெளியைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலையை மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் கொந்தளிப்பைக் கவனியுங்கள். பல மென்பொருள்கள் கொந்தளிப்புப் பாகுநிலையை (கொந்தளிப்பால் கூடும் பிசுக்குத்தன்மையை) மாறாததாக எடுத்துக்கொண்டே அட்ஜொயின்ட் சமன்பாட்டைத் தீர்க்கின்றன. தகட்டின் பின்விளிம்பருகே ஓட்டம் பிரியுமானால், அந்த எளிமையாக்கம் படித்திறனின் (வடிவம் சிறிது மாறினால் வினைத்திறன் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்ற வீதத்தின்) குறியையே புரட்டிவிடக்கூடும். கூட்ட வேண்டிய வளைவைக் குறைக்கச் சொல்லும். அந்த விளிம்பில் வடிவத்தை நிர்ணயிக்கும் ஒரேயொரு கட்டுப்பாட்டுப் புள்ளியை இரு திசையிலும் இம்மியளவு நகர்த்தி, ஓட்டத் தீர்வு முழுமையாக ஒருங்கியபின் (இனி மாறாமல் நிலைத்தபின்) வினைத்திறனின் வித்தியாசத்தை அட்ஜொயின்ட் தந்த படித்திறனோடு ஒப்பிடுங்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. எத்தனை மாறிகள் இருந்தாலும் ஓர் இலக்குக்கு ஓர் அட்ஜொயின்ட் தீர்வே போதும். 1988இல் வானோட்டவியல் அறிஞர் ஜேம்சன் விமானச் சிறகு வடிவமைப்புக்கு இம்முறையைக் கொண்டுவந்ததன் அருமையே அதுதான்! இம்பெல்லரோடு சேர்ந்து சுழலும் சட்டகத்தின் கொரியோலிஸ் உறுப்பு (சுழற்சியால் ஓட்டம் பக்கவாட்டில் விலகுவதைக் குறிக்கும் பகுதி) அட்ஜொயின்ட் சமன்பாட்டிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.