போர் வரலாறு எழுதியவர்களில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார்? ஏன்?

பிரிகேடியர் ஜான் தல்வி. 1962 சீனப் போரைப் பற்றிய அவருடைய 'ஹிமாலயன் பிளண்டர்' 1969இல் வெளிவந்தது.

எனக்கு ஊர் அருவங்காடு. அப்பாவுக்கு கார்டைட் ஃபேக்டரியில் வேலை. குன்னூருக்கு எப்போது போனாலும் வெலிங்டனைத் தாண்டித்தான் பஸ் போகும். அங்கே ஸ்டாஃப் காலேஜில் ராணுவ அதிகாரிகள் படிக்கிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இந்தப் புத்தகத்தில் கதை அந்தக் காலேஜில்தான் தொடங்குகிறது. 1950இல் தல்வி அங்கே மாணவர். சீனப் படை திபெத்துக்குள் நுழைந்துவிட்டது என்று தெரிந்ததும், காலேஜ் தலைவர் ஜெனரல் லென்டைன் வகுப்புக்குள் வந்து பாடத்தை நிறுத்துகிறார். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் ஓய்வு பெறுவதற்குள் சீனர்களோடு சண்டை போட வேண்டியிருக்கும் என்கிறார். பன்னிரண்டு வருடம் கழித்து, இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் திபெத் எல்லையில், நம்கா சூ ஆற்றங்கரையில் 7ஆவது பிரிகேடு என்ற படைப்பிரிவுக்குத் தளபதியாக நின்றவர் தல்வியேதான்.

1962 அக்டோபர் 20 விடியற்காலையில் தாக்குதல். பிரிகேடு சிதறியது. இரண்டு நாளில் அவரும் பிடிபட்டார்.

தோற்ற தளபதி எழுதியது, சாக்குதான் இருக்கும் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். கோபம் நிறையவே இருக்கிறது. பிரதமர் நேரு, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், அந்தப் பகுதிப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் கௌல் யாரையும் அவர் விடவில்லை. ஒரே குற்றச்சாட்டு பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் குறையாகவே சொல்வேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் போடும் கணக்கு. ஆளுக்கு ஒரு கம்பளி, 50 தோட்டா, உடம்பில் பருத்திச் சீருடை. ஜனவரியில் எங்கள் ஊர்ப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லாவோடு பால் வாங்கப் போனாலே விரல் மரத்துவிடும். இத்தனைக்கும் இது 6,000 அடிதான். விமானங்கள் சாமான் போட்ட சாங்தர் 14,000 அடிக்கு மேலே இருக்கிறது! போட்டதில் பாதைக்கு எட்டாத பள்ளங்களில் விழுந்தவை ஏராளம். மூச்சு முட்டும் அந்த உயரத்தில் ஆட்கள் இறங்கித் தேட வேண்டும். வீரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் உண்டு. ஒரு சிப்பாயின் கம்பளியை எண்ணிச் சொல்லி, அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டவர் இவர். அந்த ஆட்களை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

முன்னுரையையும் மறக்க முடியவில்லை. நவம்பர் 21 இரவு, திபெத்தில் தனிச்சிறையில் இருந்தவரைச் சீன மேஜர் ஒருவர் எழுப்பி, போர் முடிந்தது, நல்ல செய்தி என்று கத்துகிறார். அந்தக் குளிர் இரவில்தான் இந்தப் புத்தகம் பிறந்தது என்கிறார் தல்வி.

படிப்பதாக இருந்தால் பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். நம்கா சூ, சாங்தர், ஹாதுங் லா கணவாய் மூன்றையும் குறித்துக்கொண்டு படித்தால், எந்தப் பட்டாலியன் எங்கே நின்றது என்று குழம்பாது. நான் இரண்டாம் முறைதான் அப்படிப் படித்தேன்.