கணினி விஞ்ஞானம் படிக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

களுவாஞ்சிக்குடி மாணவர்: அக்கா, கணிதப் பிரிவில ஏ.எல். எடுத்தனான். கணினி விஞ்ஞானம் படிக்க ஆசை. தூரம் போக வீட்டில விருப்பமில்ல.

தம்பி, கிழக்கிலேயே இடம் இருக்கு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானத்தில் பட்டம் செய்யலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். அங்கும் கணினி விஞ்ஞானத் துறை உண்டு. அனுமதி அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டக் கோட்டாவுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டும் அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் வருது. அதால கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விடாதீங்க. விண்ணப்பத்தில் உண்மையாக விரும்புற வரிசையிலேயே கற்கைநெறிகளைப் போடுங்க.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தாய்: மகள் கம்பியூட்டரில கெட்டிக்காரி, போஸ்டர் எல்லாம் செய்வா. கணக்கெண்டா மட்டும் பயம். விடலாமா?

அம்மா, போஸ்டர் செய்யுற திறமை வேறு, இந்தப் படிப்பு வேறு. இதைச் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் வருடத்திலேயே தர்க்கம், கணங்கள், நிகழ்தகவு, நிறுவல் எல்லாம் வரும்.

ஒன்று செய்து பாருங்க. சுட்டெண் வரிசையில் அடுக்கின 1000 விடைத்தாள்களில் ஒன்றைத் தேட வேணும். நடுத்தாளை எடுத்து, தேடுற சுட்டெண் அதைவிடப் பெரிதா சிறிதா என்று பார்த்தால் பாதிக் கட்டை ஒதுக்கிவிடலாம். மிச்சத்திலும் அப்படியே. ஆகக்கூடியது 10 தாள்தான் பார்க்க வேண்டி வரும். பத்து இலட்சம் தாள் என்றால்? 20 போதும். ஆனா அடுக்காமல் கிடந்தால் ஆயிரத்தையும் புரட்ட நேரலாம். ஏன் 10, ஏன் 20, அடுக்குறதுக்கு எவ்வளவு நேரம் போகும் என்று மகள் தானாகக் கேட்கத் தொடங்கினா, தயங்காம விடுங்க. கணக்குப் பயம் பயிற்சியால் போகும். "இதெல்லாம் எனக்கெதுக்கு" என்றா எண்டா, வடிவமைப்புப் பக்கம் விடுங்க. அதுவும் நல்ல தொழில்தான்.

சம்மாந்துறை மாணவி: மிஸ், கணினியை மூன்று பாடத்தில ஒன்றாக எடுக்கிறதா, சிறப்புப் பட்டமாச் செய்யிறதா?

மூன்று பாடம் படிக்கிற பொதுப் பட்டம் மூன்று வருடம், 90 திறமைப்புள்ளி (கிரெடிட்). நாலு வருடச் சிறப்புப் பட்டம் 120. மேற்படிப்பு, விரிவுரையாளர் வேலை, ஆய்வு என்ற எண்ணம் இருந்தால் சிறப்புப் பட்டத்துக்கே போங்க. நாலாம் வருட ஆய்வுச் செயற்றிட்டத்தில்தான் ஒரு பிரச்சினையோடு மாதக்கணக்கில் இருக்கப் பழகுவீங்க.

அதுக்காகப் பொதுப் பட்டத்தைக் குறைவாக நினைக்க வேணாம். புள்ளிவிபரவியலோடு கணினியும் படித்த ஒருவரால் அம்பாறை வயல்களின் விளைச்சல் கணக்கையும் மட்டக்களப்பு வாவியின் மீன்பிடித் தரவையும் கையாள முடியும். கணினி மட்டும் படித்தவருக்கு அந்தத் தரவு என்ன சொல்லுதென்று விளங்குறது கஷ்டமாக இருக்கலாம். எங்கட பகுதிக்கு அப்படிப்பட்ட ஆட்கள் நிறையத் தேவை என்று உறுதியாக நம்புறேன்.

திருக்கோவில் மாணவர்: உயர்தரம் வரைக்கும் தமிழில படிச்சனான். கம்பஸில எல்லாம் இங்கிலீஷாமே?

ஓம், விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். முதல் அரையாண்டு கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிரும். தமிழில் விளங்கிக்கொள்றதை நிறுத்தாதீங்க: சுழல்நிரல் (திரும்பத் திரும்ப ஓடுற நிரல் துண்டு, லூப்) ஒவ்வொரு சுற்றிலும் மாறிகளுக்கு என்ன பெறுமானம் வருதென்று கொப்பியில் அட்டவணை போட்டு, உங்கட சொல்லில் எழுதுங்க. பிழைச்செய்தியைக் கண்டு பயப்படாம முதல் பிழையை மட்டும் வாசிங்க. சி மொழியில் 12ஆம் வரியில் அரைப்புள்ளி விடுபட்டால், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றுற மென்பொருளான கொம்பைலர்களில் சில 13ஆம் வரியைக் காட்டும். கீழே வாற பிழைகளில் பல முதலாவதைத் திருத்தினதுமே போய்விடும்.

ஏறாவூரிலிருந்து: பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி காணாது. இனி வழியில்லையா?

இருக்கு தம்பி. 2000இல் தொடங்கின பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) என்ற வெளிவாரிப் பட்டத்தைக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்துது. வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம், ஆனா நேரசூசி போட்டுப் படிக்கிறவங்களுக்குத்தான் அது சரிவரும். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்கள் இருக்கு. தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவை அங்கே விசாரிங்க. தனியார் நிறுவனத்தில் காசு கட்ட முதல், பட்டத்தை வழங்குறது யார், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்குதா என்று எழுத்தில் கேளுங்க. வட்டிக்கு வாங்கியும் நகை வைத்தும் கட்டுற குடும்பங்கள் எங்கட ஊர்களில் எத்தனையோ.

அக்கரைப்பற்று மாணவி: லெப்டொப் இல்லாமச் சேரலாமா?

சேரலாம். கம்பஸில கணினி ஆய்வுகூடம் இருக்கு. வாங்குறதென்றால் பழையதே போதும், 8 ஜிபி ரெம் இருக்கான்னு மட்டும் பாருங்க. லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம், சி கொம்பைலரும் பைதன் நிரல்மொழியும் இலவசம். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் முதல் மாதக் காசை லெப்டொப்புக்கு ஒதுக்க வேணாம், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வைங்க.