மலைப்பாதையில் 108: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

வணக்கம். நீலகிரியில் 108 வண்டியில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். எங்கள் பேச்சில் இ.எம்.டி. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று மூன்று பக்கமும் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். யாருக்காவது இப்போதே அவசரம் என்றால் இதைப் படிக்க வேண்டாம், முதலில் 108ஐக் கூப்பிடுங்கள்.

மேட்டுப்பாளையம், டாக்ஸி ஓட்டுநர்: அக்கா, குன்னூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் நிதானமாகத்தான் இறங்குது. சில நேரம் ஓரமா நிறுத்தியே வச்சிருக்காங்க. உள்ளே உயிர் போராடிட்டு இருக்கும்போது இப்படிப் பண்ணலாமா?

நிறையப் பேர் கேட்கும் கேள்வி, தம்பி. நோயாளியின் சொந்தக்காரர்களே முன்னால் உட்கார்ந்து பைலட்டை "வேகமா, வேகமா" என்று விரட்டுவார்கள். (எங்கள் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்வோம்.) கொண்டை ஊசி வளைவை வேகமாகத் திருப்பினால் உள்ளே என்ன ஆகும் தெரியுமா? படுத்திருப்பவரின் உடம்பு ஸ்ட்ரெச்சர் பெல்ட்டை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போகும். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்தவராக இருந்தால் அந்த ஒரு திருப்பமே அவர் காலை முடக்கிவிடலாம். இதயம் நின்றவருக்கு நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்சு 5 சென்டிமீட்டராவது அமுங்கும்படி அழுத்த வேண்டும். வளைவில் நானே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது எப்படி நடக்கும்? ஊசி போட நரம்பு தேடுவதும், தொண்டையில் அடைத்த சளியை உறிஞ்சி எடுப்பதும் அப்படித்தான்.

அதனால் அகலமான இடம் பார்த்து நிறுத்தச் சொல்வேன். செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுக் கிளம்புவோம். ஊட்டியிலிருந்து கோவைக்குக் கிட்டத்தட்ட 3 மணி நேரம். டயர் தேய ஓட்டினாலும் அதில் மிச்சமாவது சில நிமிஷம்தான். அந்த நிமிஷங்களைவிட உள்ளே ஒழுங்காக நடக்கிற வேலைதான் ஆளைக் காப்பாற்றுகிறது. நான் எழுதும் எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

நீங்கள் தினமும் அந்த ரோட்டில் ஓட்டுபவர் என்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சைரன் கேட்டதும் நின்ற இடத்திலேயே பிரேக் அடிக்காதீர்கள். வளைவைத் தாண்டி, இடதுபக்கம் இடம் இருக்கிற இடத்தில் ஒதுங்குங்கள். எங்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வராதீர்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில், எங்களுக்கு ஒதுங்கிய நூறு வண்டியை எங்கள் வாலைப் பிடித்து ஓவர்டேக் பண்ணி வருகிற கார்களால்தான் எதிர்ப்பக்கமும் அடைத்துப் போகிறது.

ஊட்டி, தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: அப்பாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்திருக்கு. அடுத்த தடவை வந்தா நேரா கோவைக்கே சொந்தக் காரில் போயிடலாமா மேடம்?

வேண்டாம். முதலில் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரி. கோவை அதற்குப் பிறகு. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இதயத்தின் ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டி மேலும் பெரிதாகாமல் இருக்க அது உதவும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டியைக் கரைக்கும் ஊசியை மலையிலேயே போடலாமா என்று டாக்டர் முடிவெடுப்பார். நீங்கள் காரில் நேராகக் கோவைக்குப் போனால் இதெல்லாம் 3 மணி நேரம் தள்ளிப்போகும். வழியில் பர்லியாறு பக்கத்தில் இதயம் நின்றுபோனால் காரில் யார் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாதி வீடு ரோட்டுக்குக் கீழே, படிக்கட்டு இறங்கிப் போகிற மாதிரி இருக்கிறது. "வண்டி வந்திருச்சு, மெதுவா ஏறி வாப்பா" என்று நெஞ்சுவலிக்காரரைப் படியேற வைத்துவிடுகிறார்கள். ஆக்ஸிஜன் போதாமல் தவிக்கிற இதயத்துக்கு அதைவிடப் பெரிய சுமை இல்லை. அவரைச் சாய்ந்து உட்கார வையுங்கள். நாங்கள் இறங்கி வந்து தூக்கிக்கொள்கிறோம். தோள் கொடுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்தால் அது பெரிய உதவி.

கோவை, நர்சிங் மாணவி: அக்கா, நீண்ட தூரம் போகும்போது ஆக்ஸிஜன் போதுமான்னு எப்படிக் கணக்குப் போடுவீங்க?

நல்ல கேள்வி, கண்ணு. பி டைப் சிலிண்டர் நிறைய இருந்தால் ஏறக்குறைய 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 5 லிட்டர் ஓடினால் 5 மணி நேரம் வரும். 10 லிட்டர் வேண்டியவராக இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் காலி. கோவை வரை ஒரு சிலிண்டர் காணாது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது இல்லையா? அதனால் ஷிஃப்ட் மாறும்போது நான் முதலில் பார்ப்பது சிலிண்டர் மீட்டரைத்தான். மண்சரிவில் ரோடு அடைத்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டி வரும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடு.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். நல்ல உடம்புக்காரருக்கே விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டரில் 95 பக்கம் காட்டும். சமவெளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துப் பதறுவார்கள். எண்ணை மட்டும் பார்க்காமல் மூச்சு விடுகிற வேகத்தையும், முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதையும் பார்க்கப் பழகிக்கொள்.

கோத்தகிரி பக்கத்துக் கிராமம், எட்டாம் மாதக் கர்ப்பிணி: எனக்கு இது ரெண்டாவது. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள வண்டியிலேயே பிறந்துட்டா என்ன ஆகும்னு பயமா இருக்குங்க அக்கா. குளிர் வேற.

பயப்படாதம்மா. வண்டியில் பிரசவம் பார்ப்பது எங்கள் பயிற்சியிலேயே முக்கியமான பகுதி. தனியாகப் பிரசவப் பெட்டி வைத்திருக்கிறோம்: கையுறை, தொப்புள்கொடி கிளிப், கத்தி, துணி, குழந்தையின் வாயைத் துடைக்கத் தேவையானது எல்லாம் உள்ளே இருக்கும். தலை தெரிய ஆரம்பித்தால் பைலட் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நிற்பார். கூட வந்த பெண்மணி ஒருத்தர் உன் தோளைத் தாங்கிக்கொள்வார். குழந்தை பிறந்த உடனே என் முதல் வேலை ஈரத்தை நன்றாகத் துடைப்பது. டிசம்பர், ஜனவரியில் வெளியே உறைபனி விழுகிற ராத்திரியில், நனைந்த குழந்தையின் சூடு மளமளவென்று இறங்கிவிடும். துடைத்து, உன் மார்பில் தோலோடு தோல் படப் படுக்க வைத்து, குல்லா போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிடுவேன். தாயின் மார்புச் சூடுதான் அந்த நேரத்தில் எங்களிடம் இருக்கிற நல்ல ஹீட்டர். நஞ்சுக்கொடி வெளியே வந்து ரத்தப்போக்கு அடங்கினதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பச் சொல்வேன். கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அந்த முதல் அழுகை கேட்கும். இத்தனை வருஷத்தில் எனக்கு அது பழகவே இல்லை.

நீ செய்ய வேண்டியது: ரெண்டாவது பிரசவம் சீக்கிரம் ஆகும், அதனால் வலி ஒழுங்காக வர ஆரம்பித்ததும் கூப்பிட்டுவிடு. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கூப்பிடு. பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்) எழுதிய அட்டை, இரண்டு சுத்தமான பருத்தித் துணி, கம்பளிக் குல்லா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வை. ரோடு இல்லாத ஊர் என்றால், தேதிக்கு முன்பே வந்து தங்கச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறை இருக்கிறது. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேள். அவர்கள் எழுதி வைத்திருக்கும் பிரசவத் தேதிப் பட்டியலை நம்பித்தான் நாங்களும் இருக்கிறோம். பர்லியாறு பக்கத்து ஆனைப்பள்ளம், சடையன்கொம்பை மாதிரி காட்டு ஊர்களுக்கு நடந்தே போய் ஊசி போட்டு வருகிற அந்த அக்காக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பந்தலூர், கடைக்காரர்: யானை ரோட்டில் நிக்கும்போது ஆம்புலன்ஸ் என்ன பண்ணும்?

நிற்கும். வேறு வழி இல்லை. சைரனை அணைத்துவிடுவோம், ஹை பீம் போட மாட்டோம், ஹாரன் தொடவே மாட்டோம். பின்னால் நகர இடம் விட்டு நிறுத்துவோம். குட்டியோடு நின்றால் இன்னும் தள்ளி. வனத்துறைக்குத் தகவல் போகும். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வந்து வழி செய்து கொடுப்பார்கள். அவர்களும் எங்களைப் போல ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறவர்கள்தான். காத்திருக்கவே முடியாத நோயாளி என்றால் மறுபக்கத்திலிருந்து இன்னொரு வண்டியை வரச் சொல்வோம், இல்லாவிட்டால் எஸ்டேட் ஜீப்பில் வேறு பாதையில் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். சேரம்பாடி, தேவாலா, ஓவேலி பக்கம் இது வழக்கம்தான். குஞ்சப்பனையிலும் பலாப்பழ சீசனில் அப்படித்தான்.

யானை தாக்கியவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியே பெரிய காயம் தெரியாது. ஆனால் விலா எலும்பும் இடுப்பெலும்பும் நொறுங்கி உள்ளே ரத்தம் கசியும். ஆளுக்கொரு கையும் காலும் பிடித்துத் தூக்காதீர்கள். பலகை, கதவு, கெட்டியான கம்பளி, எது கிடைக்கிறதோ அதில் வைத்து ஒரே சமமாகத் தூக்குங்கள். இடுப்பைச் சுற்றிச் சேலையை இறுக்கிக் கட்டினால் ரத்தப்போக்கு குறையும். எஸ்டேட்களில் காலைப் பனியில் வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். இதை லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அய்யன்கொல்லி, ஆசிரியர்: 108க்குப் போன் பண்ணினால் சில நேரம் மலையாளத்தில் பேசுகிறார்களே?

எல்லையோரத்தில் உங்கள் போன் கேரள டவரைப் பிடித்தால் அழைப்பு அந்தப் பக்கம் போய்விடும். பதறாமல் மாவட்டத்தையும் ஊரையும் சொல்லுங்கள். எஸ்டேட்டிலிருந்து கூப்பிடுபவர்கள் எஸ்டேட் பெயரோடு டிவிஷன், பக்கத்து பஸ் நிறுத்தம், ஃபேக்டரி அல்லது கோயில் பெயரையும் சொன்னால் நாங்கள் தேடி அலைய மாட்டோம். ரோட்டு முனையில் ஒருவர் டார்ச் லைட்டோடு நின்றால் போதும்.

கூடலூர், தோட்டத் தொழிலாளியின் மகன்: அம்மா கொழுந்து பறிக்கும்போது பாம்பு கடிச்சா என்ன செய்யணும் அக்கா? பாம்பைப் பிடிச்சுக் கொண்டு வரணுமா?

பிடிக்கவே கூடாது, தம்பி. அடுத்த கடி உனக்கு விழும். கயிறு கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடு, ஏனென்றால் கை கால் வீங்கும். கடிபட்ட பக்கத்தை அசைக்காமல் வைத்துக் கூப்பிடு.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளின் விஷத்துக்கானது. அதற்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. தேயிலைச் செடியில் படுத்திருக்கும் குழிவிரியனின் விஷத்துக்கு அந்த மருந்து செய்யப்படவில்லை. அந்தக் கடி பெரும்பாலும் வலியும் வீக்கமுமாகத்தான் இருக்கும், உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் கடித்தது எது என்று நீயே முடிவு பண்ணி வீட்டில் இருந்துவிடாதே. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். அதை வைத்து டாக்டர் முடிவெடுப்பார்.

கூடலூர், பழங்குடி மாணவர்: என் தங்கச்சிக்கு சிக்கில் செல். வலி வந்தா "நடிக்கிறா"ன்னு சொல்றாங்க.

அப்படிச் சொல்பவர்கள் அந்த வலியைப் பார்த்ததில்லை. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக்குழாயை அடைக்கும்போது எலும்புக்குள் வருகிற வலி அது. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். குளிரும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அதைக் கிளப்பிவிடும். கதகதப்பாக வைத்திரு, தண்ணீர் குடிக்க வை. காய்ச்சலோ, நெஞ்சுவலியோ, மூச்சுத் திணறலோ சேர்ந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதே. வண்டி வந்ததும் முதல் வார்த்தையாக "சிக்கில் செல்" என்று சொல். சிக்கில் செல் என்று எழுதிய அட்டை இருந்தால் அதை எப்போதும் கையில் வைத்திருங்கள். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

ஈரோடு, சுற்றுலாப் பயணி: விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமா?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே உதவுபவரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம். நீங்களும் மலை இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

கேத்தி, இல்லத்தரசி: வண்டியிலேயே இறந்துட்டா, அதுக்கப்புறம் உங்களால சாப்பிட, தூங்க முடியுமா?

உடனே முடியாதுங்க. ஆனால் அழவும் நேரம் இருக்காது. ஸ்ட்ரெச்சரைக் கழுவி, மருந்தை நிரப்பி வைப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். 12 மணி நேர ஷிஃப்ட். வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்த பிறகுதான் கை நடுங்குவதே தெரியும். இறந்தவரின் மகன் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். அவன் துக்கம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் வலித்தது. எங்களில் நிறையப் பேர் இதை வெளியே சொல்வதில்லை. பைலட்டும் நானும் திரும்பி வரும் வழியில் டீ குடிக்க நிறுத்திப் பேசிக்கொள்வோம், அந்த அரை மணி நேரம் எனக்கு மருந்து. மனநல ஆலோசகரிடம் போவதை வெட்கமாக நினைக்காதீர்கள் என்று புதுப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

குன்னூர், பி.எஸ்சி. விலங்கியல் மாணவி: நானும் இந்த வேலைக்கு வரலாமா அக்கா? வீட்டில் நைட் ஷிஃப்ட்டுனு பயப்படறாங்க.

தாராளமாக வா. நர்சிங் படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, பிறகு பயிற்சி. ராத்திரி வேலை கண்டிப்பாக வரும். வீட்டில் பயப்படுவது நியாயம்தான். அம்மா அப்பாவை ஒருநாள் வண்டி நிற்கும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு வா, கூட வேலை பார்க்கும் பைலட்டைப் பார்த்துப் பேசட்டும். தங்குமிடம், கழிப்பறை எப்படி இருக்கிறது என்று சேரும் முன்பே கேட்டுவிடு. அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, கேட்பதில் தப்பும் இல்லை.

அதுவரை தமிழோடு படுக மொழியும் மலையாளமும் கொஞ்சம் பழகு. எஸ்டேட்களில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்கள் நிறைய இருப்பதால் "எங்கே வலிக்கிறது" என்று இந்தியிலும் கேட்கத் தெரிந்துகொள். வளைவில் வாந்தி வருகிற உடம்பாக இருந்தால் இப்போதே பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து மேட்டுப்பாளையம் வரை போய் வந்து பார். வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தால் இங்கேயே எழுதுகிறேன், விண்ணப்பம் போடும் முன் சந்தேகம் இருந்தால் கேள்.